பங்காளி குமரேசனும் பழுப்புக் குதிரையும்

லாயத்தில் குதிரைச் சாணம் வாரிக்கொண்டிருந்த குமரேசன், கேட்டை ஒட்டிய சின்னக் கதவு வழியாக வந்த இருவரைக் கண்டதும் மண்வாரியை வைக்கோலுக்குள் சொருகினார். மகள் தேவதர்ஷினியைப் போன வாரம் பெண் பார்த்துவிட்டுப் போன ராஜகோபாலும் அவர் மனைவியும்!

கூடுவாஞ்சேரியைத் தாண்டிய அந்தக் குதிரைப் பண்ணையிலேயே தங்கி, புல் வெட்டுவது முதல் குழாய் ரிப்பேர் வரை பார்ப்பவர் குமரேசன். ஒரு காலத்தில் இரும்புலியூரில் வயல் வைத்திருந்த குடும்பம். வயலை விற்றாயிற்று, பெயரை விற்க முடியுமா? அதனால் தரகரிடம் ‘பண்ணை மேனேஜர்’ என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ராஜகோபால் பேங்க் ஆபீசர் என்று அந்தத் தரகர் சொல்லியிருந்தாரே!

“கோயிலுக்கு வந்தோம். அப்படியே மேனேஜர் சாரைப் பார்க்கலாம்னு...” ராஜகோபால் விறைப்பாக நின்றார்.

“என்னண்ணா, லுங்கியில இருக்கீங்க?” என்றார் மனைவி.

“பேன்ட்டைப் பார்த்தா குதிரை மிரளும்மா.”

“அப்ப ஏறி ஓட்டுறவங்க?”

“அவங்க... பழகினவங்க.”

“கையெல்லாம் சாணியா இருக்கே?”

“வேலையாள் லீவு.”

ராஜகோபாலுக்குக் கோபம் வந்தது. “மேனேஜரைச் சாணி வார விடுறாரா முதலாளி? நான் பேசறேன் அவர்கிட்ட!”

“ஐயோ, வேணாம் சார்! நானும் ஒரு பார்ட்னர்தான்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பார்ட்னரா?” ராஜகோபாலின் முகம் வெளுத்தது. மனைவி அவரைக் கிள்ளினார்.

அதற்குள் பழுப்புக் குதிரை, லுங்கி மடிப்பில் இருந்த வெல்லத்துக்காக லுங்கியையே இழுத்தது.

“என்னண்ணா இது?”

“பாசம்மா!” பார்ட்னர் லுங்கியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்போது வெளியே ஹாரன் ஒலித்தது. முதலாளி ஹேமாவதி மேடத்தின் கார். கேட்டைத் திறக்க வேண்டியவர் குமரேசன். இரண்டாவது ஹாரன் அடிக்க நேர்ந்தால் மேடத்துக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஓடினால் மகளின் கல்யாணம் போகும். நின்றால் வேலை போகும்.

குமரேசன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க சார். நான் மேனேஜரும் இல்ல, பார்ட்னரும் இல்ல. இங்க கேட் திறக்கிற ஆள்தான். பொய் சொன்னது நான். என் பொண்ணைத் தப்பா நினைக்காதீங்க.”

கண்ணைத் திறந்தால் எதிரே ராஜகோபாலைக் காணோம்.

கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் குதிகால் ஒட்டி, மார்பு நிமிர்த்தி, காருக்கு சல்யூட் அடித்தபடி நின்றார் ராஜகோபால்.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஹாரன் கேட்டா அவருக்குக் கால் நிக்காது, சம்பந்தி. பேங்க் வாசல்ல இத்தனை வருஷமா அந்த வேலைதானே பார்க்கிறாரு!”