லாக் அவுட் செய்யாதவர்

"இப்பப் பாரும்மா" என்று சேஷகிரி என்டர் விசையை ஓர் அடி அடித்தார். திரையில் அன்றைக்குச் செய்த போல்ட்டுகளின் பட்டியல் வந்து நின்றது. உடனே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

கவனித்தீர்களா? ஓடியதும் எழுந்துவிட்டார். இந்த இனத்தை அதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். 'இப்பப் பாரு' இனம். டிவியின் தலையில் தட்டி, ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி, குக்கர் கைப்பிடியில் நூல் சுற்றி, ஸ்கூட்டரை இடப்பக்கம் சாய்த்து உதைத்து, எதுவானாலும் அது ஓடிய நொடியிலேயே கையைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிடும் இனம். பழுது போயிற்றா என்று யார் கேட்டார்கள்? தான் அங்கே நிற்கும்வரை ஓடினால் போதும்.

2002-ல் சேஷகிரிக்கு வாய்த்த குக்கர், பீன்யாவில் ஒரு போல்ட் தொழிற்சாலையின் லினக்ஸ் கம்ப்யூட்டர். லிங்கராஜபுரத்து மாடி ஒன்றில் நடந்த சிறு கம்பெனி அதற்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தது. சேஷகிரி அந்தக் கம்பெனியின் சீனியர். கரூரிலிருந்து வந்த வித்யாலட்சுமி ஆறு மாதத் தற்காலிகம். சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ள அவளை பீன்யாவிலேயே உட்காரவைத்திருந்தார்கள். 'சரியாக ஓடுகிறது' என்று தொழிற்சாலை முதலாளி பாலசுப்ரமணியன் கையெழுத்துப் போட்டால் அவள் நிரந்தரம். போடாவிட்டால் கரூர் பஸ்.

சாஃப்ட்வேருக்கு ஒரு வரி தெரிய வேண்டும்: தகவலெல்லாம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரி. அதைத் திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில் தட்டினால், ஜன்னல் திறந்திருக்கும்வரை ஞாபகம் இருக்கும். மூடிவிட்டு மறுபடி லாகின் செய்தால் மறந்துபோகும். மூன்று வாரமாகத் தினமும் காலையில் மறந்துபோயிற்று. வரி வித்யாலட்சுமிக்கும் மனப்பாடந்தான்; ஆனால் தட்டுவது சீனியரின் உரிமை, தினமும் போன் செய்தாள். தினமும் சேஷகிரி நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதே வரியைத் தட்டி, இப்பப் பாரும்மா சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். தொழிற்சாலையில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். வராத நாளில் ஓடவில்லையே, வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வித்யாலட்சுமி துணிந்து கேட்டாள்.

"சார், லாகின் பண்றப்ப படிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்காமே. அதுல எழுதிவெச்சா மறக்காதுன்னு சொல்றாங்க."

"எழுதியாச்சே! முதல் நாளே எழுதிட்டேன். இதோ." ஃபைலைத் திறந்து காட்டினார். வரி இருந்தது.

"அப்ப ஒரு தடவ லாக் அவுட் பண்ணிப் பாத்துரலாமா சார்?"

சேஷகிரி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஓடற வண்டிய எதுக்கும்மா நிறுத்திப் பாக்கணும்? நிறுத்தினா நின்னுடும்."

இதை யார் மறுக்க முடியும்? அவர் ஒரு காகிதத்தில் 'ஆஃப் செய்யக்கூடாது' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி மானிட்டரில் ஒட்டினார். காபியைக் குடித்தார். போனார்.

மறுநாள் விடுமுறை என்பதால் அன்று மாலையே தொழிற்சாலையில் பூஜை. எலக்ட்ரீஷியன் கோவிந்தப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, காகிதத்தைக் கடைசி வரிவரை படித்து, மெயின் சுவிட்சை இழுத்தார்.

"கோவிந்தப்பா! எழுதியிருக்கே, பாக்கலையா?"

"ஓதினேன் மேடம், படிச்சுட்டேன். பூஜேக்கு எல்லா மெஷினும் நிக்கணும். லேத்தே நிக்குது, கம்ப்யூட்டர் மட்டும் பெரிய சாஹேபா?"

குங்குமம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. மின்சாரம் வந்தது, லேத்துகள் சுற்றின. மாலைக்கு நடுவே இருந்த திரை மட்டும் 'இடம் தெரியவில்லை' என்றது.

வித்யாலட்சுமி தன் பெயரில் லாகின் செய்யும்போது கம்ப்யூட்டர் படிக்கும் ஃபைலைத் திறந்தாள். காலி. பிறகுதான் புரிந்தது. ஃபைலைத் தொடுவதென்றால் சேஷகிரி எப்போதும் ரூட் என்ற நிர்வாகிப் பெயரில்தான் உள்ளே நுழைவார். சாதாரணப் பெயரில் நுழைவது அவருக்குக் கௌரவக் குறைவு. தினமும் வரியைத் தட்டியது அவளுடைய ஜன்னலில்; எழுதிவைத்தது ரூட்டின் ஃபைலில். அடுத்த வீட்டுக் கதவில் சீட்டை ஒட்டிவிட்டு, இந்த வீட்டுக்காரர் ஏன் படிக்கவில்லை என்று மூன்று வாரம் திகைத்திருக்கிறார்கள்.

அவருக்குப் போன் செய்தாள்.

"ரூட்டுன்னா ராஜாம்மா" என்றார் சேஷகிரி. "ராஜா வீட்டுல எழுதினது ஊருக்கெல்லாம் பொருந்தாதா?"

பின்னால் வெள்ளை வேட்டியில் பாலசுப்ரமணியன் வந்து நின்றார். கையில் பேனா.

"என்னம்மா, நல்ல நேரம் முடிய மூணு நிமிஷந்தான் இருக்குது. லேத்தெல்லாம் சுத்துது. உன்னுது மட்டும் என்ன சொணங்குது?"

சரியான வேலை எதுவென்று அவளுக்குத் தெரியும். தன் ஃபைலில் வரியை எழுத வேண்டும்; லாக் அவுட் செய்ய வேண்டும்; மறுபடி நுழைந்து பார்க்க வேண்டும். நுழைந்து பார்த்து, வரவில்லை என்றால்? முதலாளி, பேனா, கோவிந்தப்பா, கற்பூரத் தட்டு, எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க?

கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். வரியைத் தட்டினாள். என்டர்.

"இப்பப் பாருங்க சார்."

பாலசுப்ரமணியன் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பொரி சாப்பிட்டுவிட்டு ஃபைலில் எழுதலாம் என்று நினைத்தாள். பிறகு கேசரி வந்தது. பிறகு பஸ் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு துணி கட்டியிருக்கிறதே, பிளம்பர் வரும்வரைக்கும் என்று, அது எந்தப் பொங்கலுக்குக் கட்டியது? கழற்றிப் பார்த்தீர்களா? மாட்டீர்கள். கழற்றினால் ஒழுகும்.

விடுமுறை முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லிங்கராஜபுரம் ஆபீசில் வித்யாலட்சுமிக்கு நிரந்தர நியமனக் கடிதம் கொடுத்தார்கள். ஒன்பதரைக்கு பீன்யாவிலிருந்து போன் வந்தது. சேஷகிரி தன் ஸ்கூட்டர் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் போய் வரியைத் தட்டினாள். ஓடியது. எழுந்துவிட்டாள். கோவிந்தப்பா காபி கொண்டுவந்தார்.