பயனாளி எண் ஒன்று

டிசம்பர் பதினைந்து, மாலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு வெஸ்ட் வின்ட்சரில் மனிதநேயம் பிறந்தது.

பிறந்த இடம் மணியன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மகள் அஞ்சனாவின் லேப்டாப்பைச் சுற்றி மூன்று தலைகள். அவள் முந்திக்கொண்டு விண்ணப்பித்த கல்லூரி அவளை எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ‘டிஃபர்’ செய்திருந்தது. மார்ச் கடைசியில் மறுபடி பார்ப்பார்களாம்.

மணியன் கடிதத்தை மூன்று முறை படித்தார். இருபத்திரண்டு வருடமாக மென்பொருளில் தவறு கண்டுபிடித்துப் பிழைப்பவர். இதில் ஒரு தவறும் அகப்படவில்லை. அவ்வளவு மரியாதையான கடிதம்.

“தள்ளி வச்சிருக்கோம்னா என்ன அர்த்தம்? வான்னு சொல்றானா, வராதேன்னு சொல்றானா?”

“சிரிச்சுக்கிட்டே கதவச் சாத்துன மாதிரி இருக்கு” என்றாள் அவர் மனைவி ஜலஜா.

“இட்ஸ் ஓகே, அப்பா” என்றாள் அஞ்சனா.

ஓகே இல்லை என்று மற்ற இருவரும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

மறுநாள் ஆலோசகர் மதன் ஜூமில் தோன்றினார். கல்லூரி விண்ணப்பங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

“இன்னும் ஆர்வமா இருக்கேன்னு ஜனவரிக்குள்ள ஒரு லெட்டர் அனுப்பணும் சார். அதுல புதுசா ஏதாவது இருக்கணும்.”

“வீணை வாசிக்கறா.”

“எல்லாரும் வாசிக்கறாங்க.”

“கராத்தேல பிளாக் பெல்ட்.”

“எங்க வீட்டு நாய் ஒண்ணுதான் சார் இந்த ஊர்ல பிளாக் பெல்ட் இல்ல.”

“அப்ப யார்கிட்டயும் இல்லாதது என்னதான் இருக்கு?”

மதன் சற்று யோசித்தார். “இரக்கம். இந்த வருஷம் இரக்கம் நல்லா போகுது.”

அன்றே ‘துணை’ தொடங்கப்பட்டது. நோக்கம்: குளிர்காலத்தில் பிள்ளைகளின் வீட்டில் அடைந்து கிடக்கும் முதியோருக்கு வாரம் ஒரு மணி நேரம் துணை. நிறுவனர், தலைவர்: அஞ்சனா. இணையதளத்தை மணியன் அமைத்தார். இரண்டு கைகள் கோத்த சின்னத்தை ஜலஜா வரைந்தாள். எல்லாம் தயார். முதியவர் மட்டும்தான் பாக்கி.

இரண்டு வீடு தள்ளி ரஞ்சித்குமார் இருந்தார். அவருடைய அப்பா நஞ்சப்பன், மனைவி இறந்த பிறகு, அக்டோபரில் கோபியிலிருந்து வந்திருந்தார்.

“உங்கப்பாவ வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தரமுடியுமா?” என்று கேட்டார் மணியன்.

“எத்தனை மணிக்கு வேணும்?” என்றார் ரஞ்சித்குமார். காரணம் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை, படம் எடுப்பதிலிருந்து சேவை தொடங்கியது.

“அங்கிள், கொஞ்சம் தனிமையா பாருங்க” என்றார் மணியன்.

“எப்படீங்க?”

“நாங்க வர்றதுக்கு முன்னாடி எப்படி உக்காந்திருந்தீங்களோ, அப்படி.”

நஞ்சப்பன் முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. “ஆளுக வந்துட்டீங்களேங்க. இப்பப் போயி அதுக்கு எங்கீங்க போறது?”

ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகைப் படமெடுத்தார்கள். முதுகு நன்றாகவே வந்தது.

பிறகு அஞ்சனா அவரைக் காரில் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு அழைத்துப்போனாள். குளிரில் போக வேறு இடம் தெரியவில்லை. இருவரும் பிளாட்பாரத்தில் நின்று ரயில் பார்த்தார்கள். சில நின்றன. சில நிற்காமல் காற்றாய்ப் போயின.

“நிக்காத வண்டிதான் பாப்பா ஜோரு!”

“ஐ நோ, ரைட்?” என்றாள் அவள்.

அவர் தமிழில் பேசினார், அவள் ஆங்கிலத்தில் பேசினாள். நான்காவது வாரம் ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. மணியனுக்கு இது பிடிக்கவில்லை.

“வாரம் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கோம்மா.”

“சோ?”

“மிச்சம் வேஸ்ட்.”

கடிதம் ஜனவரி கடைசியில் போயிற்று. ‘துணை’யின் பயனாளிகள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றாக உயர்ந்திருந்தது. கணிதப்படி இந்த வளர்ச்சிக்கு எல்லையே இல்லை என்று மணியன் சேர்த்தார். மதன் நெகிழ்ந்துபோனார்.

கொட்டும் பனியில் பிப்ரவரி முழுவதும் குடும்பம் காத்திருந்தது. தினமும் காலையில் ஜலஜா தபால் பெட்டியைப் பார்த்தாள். பதில் மின்னஞ்சலில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தாள். ஒருநாள் அங்கே ரஞ்சித்குமார் எதிர்ப்பட்டார்.

“சனிக்கிழமை ஆனா அப்பா காலைல ஒன்பது மணிக்கே ஷூவ மாட்டிக்கிட்டு வாசப்பக்கம் சேர் போட்டு உக்காந்துடறாரு. உங்க பொண்ணு பதினோரு மணிக்குத்தானே வருது?”

ஜலஜா வீட்டுக்கு வந்து சொன்னாள். மணியன் இணையதளத்தில் ‘பயனாளியின் மனநிறைவு: நூறு சதவீதம்’ என்று திருத்தினார்.

மார்ச் கடைசியில் கல்லூரி அஞ்சனாவை ஏற்றுக்கொண்டது. அவளுடைய தளராத அர்ப்பணிப்பைக் கடிதம் தனியே பாராட்டியிருந்தது. ஜலஜா கேசரி கிளறினாள்.

“இந்த சாட்டர்டே காலேஜைப் பாக்கப் போறோம்” என்றார் மணியன். “நீயும் அம்மாவும் முன்னாடி கிளம்புங்க. மத்தியானம் நான் வந்துடறேன்.”

“தாத்தா?”

“நான் பாத்துக்கறேன்.”

மணியன் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். இடம் கிடைத்தாயிற்று, இனிமேல் அஞ்சனா வரமாட்டாள் என்று எப்படி எழுதுவது? அவரிடம் டிசம்பரில் கல்லூரி அனுப்பிய, பிழையே இல்லாத மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு ‘துணை’ என்று போட்டார். தமிழாக்கினார். வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

‘மதிப்பிற்குரிய திரு. நஞ்சப்பன் அவர்களுக்கு, தங்களைப் பற்றி அறியக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி. இம்முறை எங்களுக்கு வந்த கோரிக்கைகள் இதுவரை காணாத தரத்தில் அமைந்துவிட்டன. ஆகவே தங்கள் சனிக்கிழமையைத் தள்ளி வைத்திருக்கிறோம். இது எவ்வகையிலும் தங்கள் தகுதியைக் குறித்த தீர்ப்பு அல்ல.’

சனிக்கிழமை காலை பதினொன்று அடித்து ஐந்து நிமிடத்துக்கு அழைப்பு மணி ஒலித்தது.

ஸ்வெட்டர், குல்லாய், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நஞ்சப்பன் நின்றிருந்தார். கையில் போன்.

“மூணு தடவ படிச்சுட்டனுங்க. ஒரு குத்தம் இல்லீங்க. எனக்கு யாருமே இத்தன மரியாதயா எழுதுனதில்லீங்க.”

“அதுக்கென்ன அங்கிள்…”

“ஒண்ணே ஒண்ணுதான் புடிபடலீங்க.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை நீட்டினார். “தள்ளி வெச்சிருக்கறோம்னா, பாப்பா வருதுங்களா, வராதுங்களா?”