மருந்தடி அண்ணாச்சியும் எங்கள் வீட்டுப் புழுக்களும்

தூத்துக்குடித் துறைமுகத்துப் பூச்சிகள் கடவுளுக்குப் பயப்படுமோ என்னமோ, மருந்தடி அண்ணாச்சிக்குக் கட்டாயம் பயப்படும். கப்பலேறப் போகும் கன்டெய்னர்களுக்குப் புகைமருந்து போடுவது அவர் வேலை. கதவிடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைப்பார், மண்டையோட்டுப் படம் போட்ட எச்சரிக்கைத் தாளை மேலே ஒட்டுவார், உள்ளே இருக்கும் வண்டு வம்சம் அத்தோடு சரி. அவருடைய சொந்தப் பெயரை முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வேலையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மளிகைக் கடையில் அரைக் கிலோ உளுந்து வாங்கினால், அதை அங்கேயே பரப்பி டார்ச் அடித்துப் பார்ப்பார். "அண்ணாச்சி, நாலு பேரு வந்து போற எடம், டார்ச்ச அணைங்க" என்று கடைக்காரர் கும்பிடுவார். ஒரு புதுமனை புகுவிழாவில் எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நிலைவாசலில் காதை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆளு இருக்கு" என்றார். வீட்டுக்காரர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் கைவைத்தார்.

என் மனைவி செல்வி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் பிளேட் வைத்து, ஹாலில் கட்டிலோடு கிடந்த சமயம் அது. எனக்கு ஷிப்பிங் ஆபீசில் வேலை. கப்பல் வந்துவிட்டால் வீடு மறந்துபோகும். அவளுக்குத் துணை, கட்டிலுக்கு எதிரே தொட்டியில் இருந்த ஒரே ஒரு ஆரஞ்சு மீன். அதற்கும் ஒரு பக்கத் துடுப்பு கிழிந்து, சாய்ந்து சாய்ந்துதான் நீந்தும். அது நேராக நீந்துகிற அன்றைக்குத்தான் தானும் நடப்பேன் என்று செல்வி மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். டாக்டர் நடக்கச் சொல்லியும் காலைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

அண்ணாச்சி வேலை முடிந்து சாயங்காலம் எட்டிப் பார்ப்பார். கையில் செல்விக்குப் பிடித்த மக்ரூன் இனிப்புப் பொட்டலம் இருக்கும். "மீன் எப்படி இருக்கு தங்கச்சி?" என்பார். கால் எப்படி இருக்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இவரென்ன மனுஷன் என்று எனக்கு லேசாகக் கோபம்கூட உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. ஃபில்டரைக் கழற்றினேன். பஞ்சுக்குள் நூல் நூலாக வெள்ளைப் புழு. நடுநடுவே ஏதோ பூச்சி முட்டையிட்டுப் பொரித்த சிவப்புப் புழு. எல்லாம் நெளிந்தன. மறைப்பதற்குள் செல்வி பார்த்துவிட்டாள்.

"அது செத்துரும். எனக்குத் தெரியும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் செருப்புக்கூடப் போடாமல் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

டார்ச்சோடு வந்தவர், முதல் காரியமாக எங்கள் வாசற்கதவில் மண்டையோட்டுத் தாளை ஒட்டினார்.

"அண்ணாச்சி, உள்ள ஆளு படுத்திருக்கு!"

"மருந்து போடலவே. சோதனைன்னா தாளு ஒட்டணும். அதுதான் மொற."

தெருவே கூடிவிட்டது. பால்காரர் பால் பாக்கெட்டைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஏதாவது மருந்து ஊத்துங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"மருந்தா? கன்டெய்னர்ல சரக்குக்கு உசுரு கிடையாதுவே, பூச்சிக்குத்தான் உண்டு. இங்கன சரக்கே உசுரோட நீந்துது!"

தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் பஞ்சை அலசிப் பிழிந்தார். குழாய்த் தண்ணீரில் கழுவினால் மீனுக்கு வேண்டிய நல்ல கிருமியும் போய்விடுமாம். கூழாங்கல்லுக்கு அடியில் தங்கிய அழுக்கை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தார். ஃபில்டர் மறுபடி ஓடத் தொடங்கி, மீன் கொஞ்சம் கீழே இறங்கியதும், வாளியிலிருந்து ஒரு சிவப்புப் புழுவை எடுத்து அதன் முன்னால் விட்டார். லபக்கென்று விழுங்கியது.

"பாத்தியளா தங்கச்சி? சாகப்போறது இப்படியா திங்கும்?"

செல்வி மெதுவாகத் திரும்பினாள்.

அடுத்து விசாரணை. "தீனி மிஞ்சுனாத்தான் புழு இப்படிப் பெருகும். யாரு என்னத்தப் போடுதிய?" செல்வி காலையில் ஒரு சிட்டிகை போடுவாள். நான் எதுவும் போடுவதில்லை. அண்ணாச்சி நம்பவில்லை. உறிஞ்சி எடுத்த கசடை ஒரு தட்டில் பரப்பி, டார்ச் அடித்து, கிளறிக் கிளறிப் பார்த்தார். திடீரென்று டார்ச்சை அணைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"முந்திரிப்பருப்பு" என்றார், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "மக்ரூன்ல உள்ளது. அது நம்மளப் பாத்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சா, மனசு கேக்கல. தங்கச்சி பாக்காத நேரமா தெனமும் ஒரு துண்டு..."

செல்வி சிரித்தாள். கட்டிலில் விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஊரெல்லாம் பூச்சியக் கொல்லுதிய, எங்க வீட்ல வந்து வளத்திருக்கிய!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அண்ணாச்சி அங்கேயே தனக்குத் தண்டனை விதித்துக்கொண்டார். இனி மக்ரூன் பொட்டலம் மீன்தொட்டி இருக்கும் ஹாலுக்குள் வரக்கூடாது. நேராக அடுக்களை மேடையில்தான் இறங்கும். மறுநாளே செல்வி கேட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாங்க அண்ணாச்சி."

"தடை போட்ட சரக்கு தங்கச்சி. நான் இங்கன கொண்டாரப்பிடாது. வேணும்னா அங்கன வந்து எடுத்துக்கிடணும்."

முதல் நாள் திட்டினாள். அடுத்த நாள் என் மேல் கையைப் போட்டு எழுந்து நின்றாள். அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலியில் அண்ணாச்சியைப் பெயர் சொல்லாமல் ஏசிக்கொண்டே அடுக்களை வரைக்கும் போய்விட்டாள். அண்ணாச்சி மீனையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த மீன் இன்றைக்கும் சாய்ந்துதான் நீந்துகிறது. அண்ணாச்சியைக் கம்பெனி கொச்சித் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டது. "என் காலப் பத்திக் கேட்டா நான் அழுதிருவேன்னுதான் அவரு மீனையே கேட்டாரு. இது உங்களுக்கு இன்னுமா புரியல?" என்று செல்விதான் எனக்குச் சொன்னாள். அன்றைக்கு நான் அவர் மேல் கோபப்பட்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

போன வாரம் ஃபில்டரைக் கழற்றினேன். செல்வி அடுக்களையிலிருந்து வேகமாக நடந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"புழு இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. சுத்தமா இருக்கு."

அவள் முகம் வாடிவிட்டது.

"நெறைய இருக்குன்னு சொல்லி அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.