மாப்பிள்ளை வீட்டு வெளிச்சம்

ஒரு காட்டில், ஆதார் அட்டை வந்து, டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கிற வழக்கமும் வந்து, கடைசியாக ஃபால்ஸ் சீலிங்கும் வந்து சேர்ந்த காலத்தில், சிவனாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். முள்ளம்பன்றிக்கு என்ன 'அவர்' என்று கேட்கக் கூடாது. கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் யாராக இருந்தாலும் மரியாதை கொடுக்கத்தான் வேண்டும், பாவம்.

பிள்ளையின் பெயர் தவசி. நல்ல குணம், கிழங்கு தோண்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் ஒருமுறை சோளக்காட்டு வேலியில் சிக்கி, முதுகில் ஒரு பக்கத்து முள்ளெல்லாம் போய்விட்டது. மறுபடி முளைக்கவே இல்லை. அந்த இடம் உரித்த பனங்கிழங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

அந்தக் காட்டு முள்ளம்பன்றிகளிடம் பெண் வீட்டார்தான் முதலில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்தால் கை நனைப்பார்கள், அதாவது அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. சாப்பிட்டவர்கள் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. பிறகு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய், பெண்ணைப் பார்த்து, அதே மாதிரி கை நனைக்க வேண்டும். தவசியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. முள்ளம்பன்றிக்கு இருட்டில்தான் கண் நன்றாகத் தெரியும். வந்தவுடன் தவசியின் முதுகைப் பார்ப்பார்கள். முதுகைப் பற்றிச் சொன்னால் மனசு வருத்தப்படுமே என்று, "வளை கொஞ்சம் இருட்டா இருக்கு, போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள்.

சிவனாண்டி அதை அப்படியே நம்பிவிட்டார். பிள்ளைக்குக் குறை என்று நினைப்பதைவிட வளைக்குக் குறை என்று நினைப்பது எந்தத் தகப்பனுக்கும் சுலபம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கரட்டுப் பக்கத்துலருந்து பெரியமாயன் வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள வளையை ஜெகஜோதியா ஆக்கிப்புடணும்" என்றார்.

மனைவி குருவம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருட்டுலயே அவன் முதுகு தெரியுது. வெளிச்சம் வேற போடப் போறீகளா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

ஃபால்ஸ் சீலிங் போட்டாயிற்று. பல்பு உள்ளடங்கி உட்காருவதற்கு ஓட்டை போட மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள். அது நல்ல வேலைக்காரன்தான், ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சிவனாண்டி ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டு வருவதற்குள் கூரை முழுக்க இடியாப்ப அச்சு மாதிரி ஆகியிருந்தது.

"இவ்வளவு எதுக்குய்யா?"

"கை பழகிப்போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்துவிட்டது. ஓட்டையைச் சும்மா விட்டால் அசிங்கம். எல்லாவற்றுக்கும் பல்பு வாங்குவது என்று முடிவாயிற்று.

பல்புக் கடை வைத்திருந்தது ஒரு ஆந்தை. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கடைக்குள் ஒரு விளக்கும் ஏற்றாமல் உட்கார்ந்திருந்தது.

"ஸ்பாட் வேணுமா, ஃப்ளட் வேணுமா?" என்று ஆந்தை கேட்டது. "ஸ்பாட்டுன்னா ஒரே எடத்துல குறி வச்சு அடிக்கும். ஃப்ளட்டுன்னா வெளிச்சம் விரிஞ்சு மூலை முடுக்கெல்லாம் விழும்."

"மூலை முடுக்கெல்லாம் விழணும்."

"அப்ப ஃப்ளட்டு. வார்ம் ஒயிட் எடுத்துக்கங்க. இதமா, மஞ்சளா இருக்கும்."

"மஞ்சளா எரிஞ்சா இன்னும் குண்டு பல்பு வச்சிருக்கான்னு பேசுவாங்க. நல்லா வெள்ளையா, பளீர்னு கொடு."

"வாட்டு கம்மியா எடுங்க. ஓட்டை நெறைய இருக்குன்னு சொல்றீங்க."

"இருக்குறதுலயே பெரிய வாட்டு எடு."

"டிம்மர் போடுற மாதிரி பல்பா கொடுக்கவா? வேணுங்கிறப்ப கொறச்சுக்கலாம்."

சிவனாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மங்கலா இருக்குறதுக்கு எங்க பழைய வளையே போதுமே! அதுக்கு எதுக்குய்யா உன் கடைக்கு வர்றேன்?"

ஆந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "அண்ணே, இந்த பல்பு நம்ம ஜாதிக் கண்ணுக்கு ஆகாது. மான்கள் கல்யாண மண்டபத்துக்கு வாங்கிட்டுப் போறது இது."

"வெளிச்சம் எனக்கா? வர்றவங்களுக்குத்தானே!" என்று அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டியதோடு சரி, போட்டுப் பார்க்கவில்லை. பெண் வீட்டார் கண்ணில்தான் முதல் வெளிச்சம் பட வேண்டும் என்பது அவர் ஆசை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பெரியமாயன் தன் அக்கா வீரம்மாளோடு வந்து சேர்ந்தார். வீரம்மாள் பார்த்துச் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி. வாசலிலேயே மண்ணை முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தவசி மூலையில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். குருவம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்து, இலை போட்டுப் பரிமாறி வைத்திருந்தாள். இதுவும் தட்டிப்போனால் பிள்ளை தனிமரம்தான்.

"வாங்க வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே சிவனாண்டி சுவிட்சைத் தட்டினார்.

அவ்வளவுதான். சிவனாண்டிக்குக் கண்ணுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பை அப்பியது போல ஆகிவிட்டது. மனைவி தெரியவில்லை, மகன் தெரியவில்லை, தன் கையே தெரியவில்லை. வந்தவர்களுக்கும் அதே கதிதான். ஆனால் யார் வாய் திறப்பார்கள்? கண் தெரியவில்லை என்று சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிட மாட்டார்களா?

"நல்ல... வெளிச்சம்" என்றார் பெரியமாயன், கண்ணில் நீர் வழிய.

"மாப்பிள்ளை லட்சணமா இருக்காரு" என்றாள் வீரம்மாள், தண்ணீர்ப் பானை இருந்த திசையைப் பார்த்து.

சிவனாண்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு பெண் வீட்டார் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

"சரி, கிளம்புறோம். போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று பெரியமாயன் எழுந்தார். அவருக்கு அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்று இருந்தது. நாலடி நடந்தார். 'மடார்' என்று சத்தம் கேட்டது. "சுவரு நல்லா உறுதியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தடவித் தடவி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். வழி தெரியாமல் எங்கே போவது?

நேரம் ஆயிற்று. கிழங்கு வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. வீரம்மாள் யோசித்தாள். தனக்கு யாரும் தெரியவில்லை; அப்படியானால் தன்னை மட்டும் யாருக்குத் தெரியப்போகிறது? மெல்லக் கையை நீட்டி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். பெரியமாயனும் இதையே யோசித்திருக்க வேண்டும். காட்டிலேயே பிரகாசமான கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு அக்காவும் தம்பியும் திருட்டுத்தனமாகத் தின்றார்கள்.

சிவனாண்டிக்குக் கண்தான் தெரியவில்லை, காது கேட்டது. சவக் சவக் என்று மெல்லும் சத்தம். கை நனைக்கிறார்கள்! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தவசிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாவம்ப்பா, பெரியவங்க சுவத்துல முட்டிக்கிறாங்க" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய் சுவிட்சை அணைத்துவிட்டான்.

குளிர்ந்த இருட்டு வந்தது. எல்லோருக்கும் கண் தெரிந்தது. சுவிட்சின் முன்னால் தவசி நின்றான். அவன் முதுகு முழுதாக விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நிறையக் கிழங்கோடு வீரம்மாள் அந்த முதுகைப் பார்த்தாள். அவள் வாயை சிவனாண்டி பார்த்தார். அவருக்கு உடம்பில் இருந்த முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது.

வீரம்மாள் காலி இலையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அண்ணாந்து கூரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினாள்.

"சம்பந்தி, இந்த பல்பு எந்தக் கடையில வாங்குனீங்க?"

"ஏன் கேக்குறீங்க?"

"அடுத்த வாரம் நீங்க பொண்ணு பாக்க வரணும்ல?"

நீதி: குறையை இருட்டில் மறைப்பவன் என்றைக்காவது மாட்டிக்கொள்வான். ஆகவே வெளிச்சம் போட்டு மறைக்கவும். பல்புக்கு வாரண்டி கேட்டு வாங்கவும்.