எல்லையில் கொழுப்பு

அறிவியல் பேசப் போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். நாலு பேர் இருந்தால் பிழைத்தோம். அரங்கம் நிரம்பி வழிந்தால், வந்தவர்கள் வேறு எதற்கோ வந்திருக்கிறார்கள். இந்த ஞானம் எனக்கு வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

எல்லைக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருவனந்தபுரம் ஆட்சியின் கீழிருந்த எங்கள் தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஒரு பக்கம் ஊர்வலம். அதைக் கலைக்க மறுபக்கம் போலீஸ். நான் திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். உலகத்துக்கு அப்போது அவசரமாகத் தேவைப்பட்டது உயிரணுச் சவ்வைப் பற்றிய அறிவுதான் என்று உறுதியாக நம்பினேன். (அந்த வயதில் ஏதாவது ஒரு நோய் வரத்தானே செய்யும்.)

பக்கத்தில் செங்கல் என்ற ஊரின் வாசகசாலைச் செயலாளர் தங்கையன் அண்ணன் என்னைப் பேச அழைத்தார். 'உயிரணுவின் எல்லையைக் காப்பதில் கொழுப்பின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்தேன். அந்த மனிதர் நோட்டீசில் என்ன போட்டார் தெரியுமா? 'எல்லையில் கொழுப்பு.'

"இதென்ன அண்ணே?" என்று கத்தினேன்.

"நோட்டீசுல எடம் போதல்ல டீச்சரே. ஆனா ஆளு வரும், பாத்துக்கிடுங்க!"

வந்தது. காரோட்டிலிருந்து மீன்காரர்கள்கூட வந்திருந்தார்கள். செங்கல் மக்களுக்கு இத்தனை அறிவியல் தாகமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேசையில் தண்ணீர்க் குவளை, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், ஒரு கோழிமுட்டை. தண்ணீரில் எண்ணெய் மிதப்பதையும், மஞ்சள் கரு சேர்த்து அடித்தால் இரண்டும் கலப்பதையும் காட்டுவதாகத் திட்டம்.

"சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால்" என்று ஆரம்பித்தேன். "தலை தண்ணீரை நாடும். வால்கள் தண்ணீரை வெறுக்கும். ஆகவே அவை வாலோடு வால் சேர்த்து, இரண்டு வரிசையாக நின்று எல்லையைக் காக்கின்றன!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"வாலுன்னு டீச்சரு சொன்னது, தலஸ்தானமான திருவனந்தபுரத்துக்கு வால் புடிக்கவனுவளையாக்கும், இல்லியா?"

"இல்லை! வால் என்பது கொழுப்பு அமிலம். ஃபாட்டி ஆசிட்!"

நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றிருந்த மலையாளி சப் இன்ஸ்பெக்டருக்கு என் உரையில் புரிந்த ஒரே சொல் ஆசிட். இரண்டு போலீஸ்காரர்களோடு பாய்ந்து வந்து பாட்டிலைத் தூக்கினார்.

"இது ஆசிட்டாணோ?"

"தேங்காயெண்ணெய்!" கொஞ்சம் ஊற்றி என் தலையிலேயே தேய்த்துக் காட்டினேன். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

அவர் முகம் சிவந்தது. நோட்டீசை நீட்டி, "ஆருடெ கொழுப்பாணு டீச்சர் பறயுன்னது?" என்றார். யாருடைய கொழுப்பைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாராம்!

பயந்திருக்கலாம். வேலை நிரந்தரமாகாத டீச்சர் பயந்துதான் இருக்க வேண்டும். ஆனால் என் பேச்சை ஒருவரும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

"எல்லார் உடம்பிலும் உண்டு சார். உங்கள் தலைக்குள்ளேயே, தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் கொழுப்புதான்!"

மூளையைப் பற்றிய சுத்தமான உண்மை அது. எழுந்த சிரிப்பில் வாசகசாலை இடிந்து விழாததுதான் ஆச்சரியம். அடுத்த நிமிஷம் நான் ஜீப்பில் இருந்தேன். முட்டையும் கூட வந்தது, சாட்சியாக.

ஸ்டேஷனுக்கு அப்பா ஓடி வந்தார். சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சப் இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"எழுத மாட்டேன். புத்தகத்தில் இருக்கிறது" என்றேன்.

"மக்கா, வேலை போயிரும்" என்று அப்பா கெஞ்சினார். "அவருக்க தலையில கொழுப்பு இல்லன்னு ஒத்த வரி எழுதிக் குடுத்துட்டு வா."

யோசித்தேன். கொழுப்பே இல்லாத தலை என்றால் என்ன அர்த்தம்? மூளையே இல்லாத தலை. 'சப் இன்ஸ்பெக்டர் அவர்களின் தலைக்குள் கொழுப்பு சிறிதும் இல்லை' என்று அழகாக எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் இரண்டு முறை படித்து, திருப்தியாகத் தலையாட்டி, முட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை தப்பியது, பெயர் தப்பவில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் நான் 'கொழுப்பு டீச்சர்' ஆனேன். பெண் கேட்டு வருவதாக இருந்தவர்கள் திசை மாறிப் போனார்கள். ஆரியங்கோட்டிலிருந்து மட்டும் ஒருவர் வந்தார். பலகாரத்தைத் தொடாமல் என்னைப் பார்த்து, "அண்ணைக்குப் பேச மிச்சம் என்ன உண்டு? எனக்கு முழுசும் கேக்கணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரையே கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே உரையைத் தொடங்கினேன். தலை வரைக்கும் விழித்திருந்தார். வால்கள் வந்ததும் குறட்டை. அன்று முதல் இன்று வரை, எத்தனை முறை தொடங்கினாலும் அந்த இடத்தில்தான் தூங்குகிறார். எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்து, எங்கள் ஊர்கள் திருவனந்தபுரத்தோடே நின்று, கிளர்ச்சி அடங்கி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மகள் சொல்கிறாள்: "அம்மா ஒரு சொற்பொழிவை முடிக்கதுக்காக்கும் கல்யாணம் கெட்டினாங்க. அப்பா இன்னும் பாதி தாண்டல்ல."

எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தூங்குகிற இடத்துக்கு அடுத்த வரிதான் முக்கியமான வரி.