மொட்டைக் கங்காணியின் பனிப்பாய்

மலாயாவில் கெடா மாநிலத்துப் புல் எல்லாம் ஒரே ஒரு ஆளுக்குப் பயந்தது என்றால் அது எங்கள் மொட்டைக் கங்காணிக்குத்தான். அவர் தலை மொட்டை இல்லை. இரண்டு பேருக்குப் பங்கு வைக்கலாம், அவ்வளவு முடி. அவர் மொட்டையடித்தது தரையை. கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டங்கள் போட்ட அந்த ஆரம்ப காலத்தில், மரத்தடியில் ஒரு புல் இருந்தாலும் அது மரத்தின் சத்தைக் குடித்துவிடும் என்று துரைமார்கள் நம்பினார்கள். புல்லுவெட்டு ஆட்களுக்குக் கங்காணியான இவர், அதைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாய் நின்றால், இவர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலடியைப் பார்ப்பார்.

"யாருடா அங்க, காலுக்குக் கீழ பச்சையா?"

"பாசி, கங்காணியாரே."

"பாசின்னா உனக்கு மச்சானா? சொரண்டுடா!"

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எனக்கு இங்கிலீஷ் பேச வரும், நடக்க மட்டும் பிடிக்காது. இந்த இரண்டையும் அவர் எப்படிப் பாடாய்ப் படுத்தினார் என்பதுதான் கதை.

துரைக்குக் கல்யாணமாகி, துரைசாணியம்மா கப்பலில் வந்து இறங்கினார். கையோடு ஒரு தகர டப்பாவில் ஒரு செடி. அவர் ஊரில் பனி மூடும் மலை உச்சியில், பாறையோடு பாறையாகப் பாய் விரித்ததுபோல் படருமாம். அதன் பெயர் எங்கள் நாக்கில் ஏறவில்லை. பனிப்பாய் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பங்களாப் படிக்கட்டின் கல் இடுக்கில் அதை நட்டார். மறுவாரம் ஏதோ வேலையாய்ப் பங்களாவுக்குப் போன கங்காணியின் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது. தரையில் படர்ந்த பச்சை! மண்வெட்டியால் ஒரே இழுப்பு. இழுத்துவிட்டுப் பாராட்டுக்காக அங்கேயே நின்றார்.

"தொரசாணிம்மா, வாசல் காடா கெடந்திச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

துரைசாணியம்மா படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மொழிபெயர்க்க என்னை இழுத்து வந்தார்கள். அது அவருடைய அம்மா வீட்டு வாசலில் வளர்ந்த செடி. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். நான் சொல்லி முடித்ததும் கங்காணியின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது.

"அம்மா வெச்ச செடியா, கிராணியாரே?"

குப்பையைக் கிளறி, வேரோடு ஒரு விரல் நீளத் துண்டைக் கண்டுபிடித்தார். "அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க திரும்பிக் கப்பல் ஏறுறதுக்குள்ள இத பூக்க வெச்சுக் காட்டுறேன். இல்லன்னா இந்தக் கங்காணி வேலையே எனக்கு வேணாம்."

கடைசி வரியை மட்டும் நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. துரை அதைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

அந்தத் துண்டை நட்டு, முதலில் மாட்டுச்சாணம் போட்டார். செடி மஞ்சளடித்தது. குளிர் நாட்டுச் செடியாச்சே என்று சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து மாட்டு வண்டியில் ஐஸ் கட்டி கொண்டுவந்து சுற்றி அடுக்கினார். சர்பத் போடுகிறார்கள் என்று நினைத்து, கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் குவளையோடு வந்துவிட்டார்கள். ஐஸ் கரைந்து, தண்ணீர் தேங்கி, வேர் அழுக ஆரம்பித்தது. துரைசாணியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இது கல்லுக்குள் பட்டினி கிடந்து வாழும் செடி. சாப்பாடு போட்டால் செத்துவிடும், தண்ணீர் நின்றாலும் செத்துவிடும்" என்றார்.

"பட்டினி கெடந்தாதான் வாழுமா? அட, நம்ம லயத்து ஆளு மாதிரில்ல இருக்கு!" என்றார் கங்காணி. அன்று முதல் அந்தச் செடி அவருக்குச் சொந்தமாகிவிட்டது.

யான் என்ற ஊர்க் கடற்கரைக்கு ஆள் அனுப்பிச் சிப்பி ஓடு கொண்டுவந்து, இடித்து, சரளைக் கல்லோடு கலந்து நட்டார். மழை வந்தால் மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. செடி பிழைத்தது. ஆனால் அடிவாரத்துச் சூட்டில் துவண்டு துவண்டு படுத்தது. ஒருநாள் கங்காணி ஜெராய் மலையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல குளிருமா, கிராணியாரே?"

"பல்லு தந்தியடிக்குமாம்."

"அப்ப கெளம்புங்க."

"நான் எதுக்குய்யா?"

"இங்கிலீஸ் செடி. நீங்க பேசுனாதான் அதுக்கு வெளங்கும். சும்மா வாங்கலா!"

அன்று நான் ஏறின ஏற்றத்தை என் முட்டி இன்னும் மன்னிக்கவில்லை. உச்சிக்குப் பக்கத்தில், வெயில் படும் பாறை இடுக்கில் நட்டோம். அங்கே வேறு வம்பு. காட்டுப் புல் நாலா பக்கமும் நெருக்கியது. மண்வெட்டியை எடுத்தால் வேர் அறுந்துவிடும். ஊர்த் தரையையே சுரண்டின மனுஷன் குப்புறப் படுத்து, பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொரு புல்லாய் விரலால் பிடுங்கினார். வேலை இல்லாத ஞாயிறெல்லாம் மலை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே ஏறினேன்.

செடி உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தபோது துரைக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்தது. பூ இல்லை, மொட்டு கூட இல்லை. கங்காணி சோறு தண்ணி மறந்தார். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, துரைசாணியம்மாவே மலை ஏறி வந்தார். முன்னால் ஓடிய கங்காணி பாறையருகே அப்படியே நின்றுவிட்டார். ஒரு பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

துரைசாணியம்மா மண்டியிட்டு, அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ பேசினார். எதையும் நான் மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிறகு சின்னக் கத்தியை நீட்டி, ஒரு கிளை வெட்டித் தரச் சொன்னார். கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முடியாதுன்னு சொல்லுங்க. ஒரு தடவ வெட்டுனது போதும்."

துரைசாணியம்மாவே நகத்தால் கிள்ளி, ஈரப் பாசியில் பொதிந்து எடுத்துப் போனார்.

அவர்கள் போன பிறகும் கங்காணி மலை ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொரசாணிதான் போயிட்டாங்களேய்யா, இன்னும் எதுக்கு இந்த ஏத்தம்?"

"அவங்க போயிட்டாங்க. அது இங்கதானே கெடக்குது, அதுக்கு யாரு இருக்கா?" என்றார்.

வயதாகி அவருக்குக் கால் விழுந்ததும், அவருக்குப் பதிலாக நான் போனேன். இறங்கி வந்தால் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்ப்பார். இடுக்கில் மண் இருந்தால்தான் விரலால் பிடுங்கினேன் என்று நம்புவார். இல்லாவிட்டால் வசவுதான்.

மனுஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த ஞாயிறும் ஏறினேன். இறங்கி வந்து, நகத்து மண்ணைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.