எட்டு நாள் ஊறிய முன்னங்கால்

ஆடி பிறந்த அன்று காலை, பல்கூடத் துலக்காமல், ஆதிநாராயணன் ஒரு சபதம் செய்தான். வண்டியின் முன்னங்கால் இரண்டையும் கழற்றி, புதுசாக்கி, மறுபடி மாட்டியே தீருவது! யார் தடுத்தாலும் நிற்கப்போவதில்லை. யாரும் தடுக்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வண்டி என்றால் மோட்டார் சைக்கிள். யுத்த காலத்தில் பட்டாளத்தில் ஓடி, ஓய்ந்து, ஏலத்துக்கு வந்து, கடைசியில் புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டது. கார்வேட்டிநகரம் வரைக்கும் அப்படி ஒரு சத்தம் போடுகிற வண்டி வேறு கிடையாது. குறை ஒன்றே ஒன்று. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற ஃபோர்க் தளர்ந்துவிட்டது. பள்ளம் வந்தால் வண்டி மண்டியிட்டுக் கும்பிடும். எழுந்திருக்க மனசு வராது. உள்ளே இருக்கிற எண்ணெயெல்லாம் வெளியே ஒழுகும். ஓட்டுகிறவனுக்குப் பல் ஆடும்.

மனைவி ஜெயம்மா திருத்தணிக்காரி. கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று ஆடிக் கிருத்திகைக்கும் அவளை வண்டியில் உட்காரவைத்துத் தாய்வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவதாக ஆதிநாராயணன் சொன்னான். மூன்று தடவையும் அவள் ரயிலில்தான் போனாள். "ரெண்டு பேரு குந்தினா கால் ஒடிஞ்சிடும்" என்பது அவன் கட்சி.

"இன்னாய்யா, கால் சரியாயிட்டா என்னை ஏத்திக்கினு போவியா?"

"போவாம?"

"எங்க அம்மா வூட்டு வாசல்ல நிறுத்துவியா?"

"வாசல்ல இன்னா, அடுப்பாண்டையே நிறுத்தறேன்!"

"கிருத்திகைக்கு?"

"கிருத்திகைக்கேதான்!"

ஆந்திரா தனியாகப் பிரிந்து வந்த நாலாவது ஆடி அது. திருத்தணி எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம், டில்லியிலிருந்து வருகிறவர் எல்லைக் கோட்டை எங்கே போடுவார் என்று டீக்கடையில் தினமும் அடிதடி. ஆதிநாராயணன் வீட்டு முற்றத்தில் கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இந்தப் பக்கம் ஸ்பானரும் கிரீஸும். அந்தப் பக்கம் ஜெயம்மாவின் அடுப்பங்கரை. இரண்டாம் நாளே எல்லை மீறினான். அவளுடைய கடப்பைக் கல்லைப் பிடுங்கி வந்து, கழற்றிய குழாயை அதன்மேல் உருட்டினான். வளைந்திருந்தால் கல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

"ஜெயம்மா, குனிஞ்சு பாரு! வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல!"

"நல்லாப் பாரு!"

"கண்ணே வலிக்குது, இல்லய்யா!"

"நேரா கீது! என் கண்ணு! அம்பு மாதிரி நேரா கீது!" என்று குழாயைக் கட்டிக்கொண்டான். ஜெயம்மாவை அவன் அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ நாளாயிற்று.

ரேணிகுண்டாவில் குழாய்க்குள் போடுகிற உலோக வளையம், புது புஷ், கடைந்து வாங்கினான். எண்ணெய் கசியாமல் இருக்கத் தோல் வளையம் வெட்டி வாங்கினான். இரண்டு காலுக்கும் எண்ணெய் ஒரே அளவாக இருக்கவேண்டும். அதற்கு அவளுடைய ஆழாக்கைத் தூக்கிவந்தான்.

"இனிமே அதுல அளந்து சோறாக்கினா நீ துன்னுவியா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா துன்னலாம், ஊத்து!"

முதல் காலைப் பூட்டி, தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் அழுத்தினான். கால் இறங்கியது. 'புஸ்' என்று மெதுவாக மூச்சுவிட்டு எழுந்தது. ஆதிநாராயணன் ஒரு கூப்பாடு போட்டான். தெருவில் மாடு மிரண்டது. "நான் அழுத்தறேன், நான் அழுத்தறேன்" என்று ஜெயம்மா ஓடிவந்தாள். அழுத்தினாள். எழுந்தது. மறுபடி அழுத்தினாள். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி மாறி மாறி அழுத்திச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் அவ்வளவு சந்தோஷம் அந்த வீட்டில் கல்யாணத்தன்றுகூட இல்லை.

கிருத்திகைக்கு இன்னும் ஆறு நாள்தான். வண்டி தயார். அன்று சாயங்காலம் சனி, வெல்ல மண்டி துலுக்காணத்தின் உருவத்தில் டீக்கடைக்கு வந்தது. துலுக்காணத்திடம் இருந்தது புது மோட்டார் சைக்கிள்.

"ஏமி பாவா, உன் வண்டிக்கு முன்னங்கால் வாதம் தீர்ந்துடுச்சா? பேசாம புத்தூர்க் கட்டு போட்டுடேன்!"

"திருப்பதி மலையே ஏறும் அது!"

"மூணாவது வளைவு தாண்டாது."

"தாண்டினா?"

"நீ சொன்னபடி கேக்கறேன். தாண்டலைன்னா, இனிமே ஊரே அதைத் தள்ளுவண்டின்னுதான் கூப்பிடும். சம்மதமா? கிருத்திகையன்னிக்கு மண்டி லீவு. அன்னிக்கே போலாம்."

"சம்மதம்!" என்று மேஜையைத் தட்டிவிட்டான். பாதி வழியில்தான் ஜெயம்மா ஞாபகம் வந்தது.

புத்தூர்க்காரனுக்கு யோசனைக்கா பஞ்சம்? எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஊர். கெடு முடியும் முன் கட்டைப் பிரிக்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. பூட்டிய கால்கள் இரண்டையும் மளமளவென்று மறுபடி பிரித்துப் போட்டான்.

"ஜெயம்மா, தோல் வளையம் புதுசு. எண்ணெயில எட்டு நாள் ஊறணும். நடுவுல தொடக்கூடாது. புத்தூர்க் கட்டு மாதிரிதான் இதுவும்."

"எட்டு நாளா? கிருத்திகை ஆறாம் நாளாச்சே."

"நான் இன்னா பண்றது? காலு விஷயம்!"

ஜெயம்மா அவன் முகத்தையே பார்த்தாள். "சரி, நான் ரயில்லயே போறேன்" என்றாள். சண்டை இல்லை. அழுகை இல்லை. ஆதிநாராயணன் அப்போதே பயந்திருக்க வேண்டும்; பாவம், சந்தோஷப்பட்டான். அவளே பழைய பச்சைப் புடவையைக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு காலின் உள்சாமான்களையும் தனித்தனி மூட்டையாகக் கட்டிவைத்தாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் ஒரு பையோடு புறப்பட்டாள்.

"அம்மா வூட்டுல முறுக்கு சுடணும், அச்சை எடுத்துக்கினு போறேன். பெரிய ஜாடியைத் திறக்காத, ஊறிக்கினு கீது."

"தொடமாட்டேன், நீ போய்ட்டு வா!"

கிருத்திகை. விடிந்ததும் மூட்டைகளை அவிழ்த்தான். முதல் மூட்டையில் ஸ்ப்ரிங், புஷ், தோல் வளையம், எல்லாம் சரி. இரண்டாவது மூட்டையில் பித்தளை முறுக்கு அச்சு!

ஆதிநாராயணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பைத்தியம்! அவசரத்துல மூட்டையை மாத்தி எடுத்துக்கினு போயிருக்குது! அங்க போய் ஸ்ப்ரிங்குல முறுக்கு பிழியும்!" பிறகுதான் மலை ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது. துலுக்காணத்திடம் "மத்தியானம் புறப்படலாம்" என்று கத்திவிட்டு, அச்சோடு ஓடி, ஏழு மணி ரயிலில் தொற்றிக்கொண்டான். வழியெல்லாம் காவடி, அரோகரா, பூ வாசனை. திருத்தணி வீட்டு வாசலில் மாமியார் செங்கம்மா நின்றிருந்தாள்.

"வாங்க மாப்ளே! வண்டி எங்க?"

"அதுக்குத்தான் வந்தேன் அத்தே! ஜெயம்மா, மூட்டை எங்க? பச்சைத் துணி மூட்டை!"

"அதுவா? காவடியில கட்டிக்கீது" என்றாள் ஜெயம்மா, தலையில் பூவை வைத்துக்கொண்டே.

"காவடியிலயா!"

"காலு நல்லாயிட்டா நீ காவடி எடுப்பேன்னு வேண்டிக்கினேன். சாமி முன்னாலதான் அவுக்கணும். எடுய்யா, நேரமாவுது."

கால் குணமானவர்கள் வெள்ளியில் கால் செய்து செலுத்துவது உண்டு. இவள் அசல் காலையே கட்டிவிட்டாளே! உண்டியலில் போட்டுவிடுவாளோ என்று நடுங்கிப்போய்க் காவடியைத் தோளில் வாங்கினான். முந்நூற்று அறுபத்தைந்து படி. மூட்டை கனத்தது. நூறாவது படியில் முழங்கால் தளர்ந்தது. இருநூறில் தன் வண்டியைப் போலவே மண்டியிட்டான். "அரோகரா!" என்று கூட்டம் தூக்கி நிறுத்தியது. மலை ஏறுவேன் என்று சபதம் போட்டவன், ஏறிவிட்டான். மலைதான் வேறு.

சன்னதியில் மூட்டை அவிழ்ந்தது. உள்ளே இரண்டு வீசை வெல்லம்.

"ஜெயம்மா! என் ஸ்ப்ரிங் எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பச்சைத் துணி மூட்டைன்னுதானே கேட்ட? இது வெல்லம். துலுக்காணம் அண்ணன் மண்டியில வாங்கினது. கட்டிக் குடுக்கும்போதே அண்ணன் எல்லாம் சொன்னாரு. இன்னிக்கி நீங்க எந்த மலைக்குப் போறீங்கன்னு."

ஆதிநாராயணன் முருகனைப் பார்த்தான். முருகனுக்கே மனைவி இரண்டு பேர். அவர் குறுக்கே வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. புத்தூர் டீக்கடையில் இந்நேரம் 'தள்ளுவண்டி' என்று பெயர் வைத்திருப்பார்கள்.

"சாமி சத்தியமா அடுத்த சவாரி உனக்குத்தான். எங்க வெச்சே, சொல்லு."

"நம்ம வூட்டுலதான், பெரிய ஜாடியில, எண்ணெய் ஊத்தி. நான் அம்மா வூட்டுலயே கீறேன், வண்டியில வந்து இட்டுக்கினு போ. ஆனா இன்னும் ரெண்டு நாள் ஜாடியைத் தொடாத. புத்தூர்க் கட்டுய்யா, எட்டு நாள் ஆவணும்னு நீதானே சொன்ன?"